விளக்கக் கடிதம், மூன்றாம் வரைவு

மினா சல்மான் துறையில் கப்பல் கட்டிக் கிடக்கிறது.
ஆகஸ்ட். இரவு பதினொன்றுக்கும்
கைப்பிடி இரும்பைத் தொட முடியவில்லை.
கேபினில் ஏசி சொட்டுகிறது,
அடியில் ஒரு டீக்கோப்பை வைத்திருக்கிறேன்.
வியாழக்கிழமை விசாரணை.

கேப்டன் ஹூன் எழுதியிருப்பது பதினோரு வரி.
ஒன்பதாவதில் நான் இருக்கிறேன்:
'ஆணை காதில் விழுந்தும் நின்றார்.
கை நடுங்கியதை நேரில் கண்டேன்.'

முதல் வரைவில் அவரைக் கிழித்தேன்.
தூக்கத்திலிருந்து ரப்பர் செருப்போடு
பிரிட்ஜுக்கு ஏறி வந்ததை,
பைனாகுலரை எடுக்கவே இல்லை என்பதை,
'போட்டுத் தள்ளு' என்று ஹிந்தியில் கத்தியதை.
காலையில் வாசித்தால்
குழாயடிச் சண்டை போலிருந்தது.

இரண்டாம் வரைவு முழுக்க விதி எண்கள்.
ஒவ்வொன்றும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது.
ஒன்றுக்கும் என் முகம் இல்லை.

இது மூன்றாவது.

ஐயா,
கை நடுங்கியது உண்மை.
நடுங்கிக்கொண்டும் அது பொத்தானுக்குப் போகவில்லை.
கேப்டன் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்.
அவை வேறு வேறு.

02:17. எண்ணெய்க் கப்பல் நமக்கு வலப்புறம், ஒன்றரை மைல்.
ரேடாரில் ஒரு பொட்டு. கூப்பிட்டால் பதில் இல்லை.
நம்மை நோக்கியே வருகிறது.
நான் பார்த்தது அதன் விளக்கை.
இயந்திரம் முடுக்கி வரும் படகின் விளக்கு
முன்னும் பின்னும் குதிக்கும்.
வலை இறக்கிய படகின் விளக்கு
ஒரு பக்கமாய்ச் சரிந்து, யோசித்து, நிமிரும்.
இது வரவில்லை; நீவாடு தள்ளிக்கொண்டு வந்தது.
எழிமலையில் இதற்குப் பாடம் கிடையாது.
திரேஸ்புரத்தில் இதைப் பாடம் என்று
யாரும் சொல்வதும் கிடையாது.

நாற்பத்தொரு நொடி நின்றேன்.
பிறகு மிதவைகள் தெரிந்தன:
காலிச் சமையல் எண்ணெய்க் கேன்கள், வரிசையாக.
படகில் ஒருவன் டார்ச்சைத்
தன் முகத்தின் மேலேயே அடித்துக் காட்டினான்.
அவனிடம் இருந்த ஒரே கொடி அது.

நடக்காததை எப்படி நிரூபிப்பது?
சாகாத ஐந்து பேர்
எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

(இனி வருவது கடிதத்தில் இல்லை.)

செவ்வாய் மாலை சாதாரணச் சட்டையில்
முஹரக் மீன்துறைக்குப் போனேன்.
எண்ணெய்க் கேன்களைத் தேடிப்
பதினாலு படகு பார்த்தேன்.
அடுத்ததில் தமிழ் கேட்டது.
குறும்பனைக்காரர். கிளீட்டஸ் என்று பெயர்.
என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்,
அன்றைக்கு அவருக்கு நான் ஒரு இருட்டுச் சுவர்.
சொன்னதும் வலைக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.
வெகுநேரம் கழித்து,
'எங்க பேர எழுதாதீங்க சாறே.
கோடு தாண்டிக் கெடந்தோம்.
தெரிஞ்சா அர்பாபுக்கு லைசென்ஸ் போவும், எங்களுக்கு ஜெயிலு.
ரெண்டு பயலுவளுக்குப் பத்தாக்காவும் முடிஞ்சு போச்சு.'

ஒரு ஹமூரைப் பையில் போட்டு நீட்டினார்.
வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டேன்.
துறைமுக வாசலில் நேபாளிக் காவலரிடம் கொடுத்தேன்.
அவர் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

இணைப்பு ஒன்று: லாக் புத்தக நகல்.
இணைப்பு இரண்டு: ரேடார் பதிவு, 02:15 முதல் 02:24 வரை.
சாட்சிகள் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.
பதினேழு வருடச் சேவையில்
நான் கையெழுத்திட்ட முதல் பொய்.
அதை ஹூன் உடனே நம்புவார்.

டீக்கோப்பை நிரம்பி வழிகிறது.
கொட்டிவிட்டு வந்து
மறுபடி மேலிருந்து வாசிக்கிறேன்.
கை நடுங்கியது உண்மை.
அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோகிறேன்.
விரலில் இன்னும் மீன் வாடை.
இருக்கட்டும்.

அ. மோத்தா,
லெப்டினன்ட் கமாண்டர்.